சைக்கிளை வாங்கிக்கொண்டு போனவர்

"இவர் வெறும் கேம்ப் பாடி, இவரைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்." 2024 ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஓர் இரவு, ஓர் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரரைப் பற்றி நண்பர்களுக்கு நான் அனுப்பிய வரி இது. அதற்குப் பிறகு இரண்டு சீசன் முடிந்துவிட்டது. இந்த வரி மட்டும் மனசைவிட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் எட்டு பேர், எல்லோரும் அமெரிக்காவில் விஸ்கான்சினுக்கு வேலைக்கு வந்து, குளிர்காலத்தில் வேறு போக்கிடம் இல்லாமல் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் ஆட்டம் பார்க்க ஆரம்பித்து, அப்படியே ஒட்டிக்கொண்டவர்கள். ஜூலை கடைசியில் கிரீன் பேயில் ட்ரெய்னிங் கேம்ப் தொடங்கினால் எங்களுக்கும் ஒரு வேலை தொடங்கிவிடும். கேம்ப்புக்கு 90 பேர் வருவார்கள், ஆகஸ்ட் கடைசிச் செவ்வாய் 53 ஆகக் குறைக்க வேண்டும். அந்த 53 பேர் யார் என்று ஆளுக்கொரு பட்டியல் போடுவோம், வாராவாரம் அதைத் திருத்துவோம். இது விளையாட்டுத்தான், ஆனால் நாங்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் எத்தனை பேரை வைக்கலாம், ஐந்தா ஆறா, ஆறாவது ஆளை வைத்தால் டிஃபென்ஸில் யாரைக் கழற்றிவிடுவது என்று ராத்திரி பன்னிரண்டு மணிவரை சண்டை ஓடும். அந்த வருஷம் சண்டைக்குத் தீனியும் அதிகம். ஜெஃப் ஹாஃப்லி புதிய டிஃபென்சிவ் கோச்சாக வந்து முன்வரிசையில் மூன்று பேர் நிற்கும் 3-4 அமைப்பை நான்கு பேர் நிற்கும் 4-3 ஆக மாற்றியிருந்தார், யார் எங்கே பொருந்துவார் என்பதையே முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021 கடைசியில் பேக்கர்ஸ் பங்கு விற்றபோது 300 டாலர் கொடுத்து நானும் ஒரு பங்கு வாங்கினேன். அதற்கு டிவிடெண்ட் கிடையாது, லாபத்துக்கு விற்கவும் முடியாது, வருஷத்துக்கு ஒரு தடவை அணியின் ஸ்டேடியமான லாம்போ ஃபீல்டில் நடக்கும் பங்குதாரர் கூட்டத்தில் போய் உட்காரலாம், அவ்வளவுதான். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்களில் நானும் ஒருவன். அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன், அதைப் பார்க்கும்போது இன்றும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மாட்டிய நாளிலிருந்து என் பேச்சில் ஒரு முதலாளித் தொனி ஏறிவிட்டது. "இவருக்கு இவ்வளவு சம்பளம் எதுக்கு, அனுப்பிடலாம்", "அந்த இடத்துக்கு இளசு ஒண்ணு மலிவாக் கிடைக்கும்." பங்கு வாங்காத நண்பர்களும் ஆகஸ்ட் வந்தால் இப்படித்தான் பேசுகிறார்கள், அதனால் காகிதத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. சீசன் தொடங்கினால் ரசிகராகிவிடுவோம். ஆகஸ்டில் மட்டும் நாங்கள் எல்லோரும் மேனேஜர்கள்.

ஸ்கோர் போர்டில் ஒன்றும் இல்லை

சீசனுக்கு முன்னால் ஆடும் ப்ரீசீசன் ஆட்டங்களைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாகவே ஒரே கருத்துத்தான்: அவற்றால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. 2008-ல் டெட்ராய்ட் லயன்ஸ் ப்ரீசீசனில் நான்குக்கு நான்கு ஜெயித்தார்கள், சீசனில் 16 ஆட்டத்தையும் தோற்றார்கள். 2017-ல் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸுக்கும் அட்சரம் பிசகாமல் அதேதான் நடந்தது, முதலில் 4-0, அப்புறம் 0-16. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? முதல் வரிசை ஆட்டக்காரர்கள் ஒரு ஓரத்தில் தொப்பியோடு நிற்பார்கள், களத்தில் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் செப்டம்பரில் அணியிலேயே இருக்க மாட்டார்கள், கோச் தன்னுடைய உண்மையான திட்டத்தில் ஒரு பக்கத்தைக்கூட வெளியே காட்ட மாட்டார். 2021-லிருந்து ப்ரீசீசன் நான்கு ஆட்டம் என்பதை மூன்றாகக் குறைத்தபோது, அதையும் எடுத்துவிடலாமே என்று சொன்னவன் நான். பேக்கர்ஸே அந்த 2024 ஆகஸ்டில் டென்வரிடம் 27-2 என்று தோற்றார்கள். எங்களில் மூத்தவரான ஓர் அண்ணன் அன்றைக்கு ரொம்பவே நொந்துபோனார். நான் பிரவுன்ஸ் கணக்கைச் சொல்லித் தேற்றினேன். அந்த சீசனை 11-6 என்று முடித்தோம், ஸ்கோரைப் பொறுத்தவரை நான் சொன்னது சரிதான், இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அந்த டென்வர் ஆட்டத்துக்கு முன்னாலேயே வேறொன்று நடந்துவிட்டது.

லாம்போ வாசலில்

கிரீன் பேயில் ஒரு வழக்கம் உண்டு, பழைய கோச் லம்பார்டி காலத்திலிருந்து வருகிறது. கேம்ப் நாட்களில் குழந்தைகள் காலையிலேயே தங்கள் சைக்கிளோடு லாம்போ ஃபீல்ட் வாசலில் வந்து நிற்பார்கள். லாக்கர் ரூமிலிருந்து வெளியே வரும் ஆட்டக்காரர் ஒரு சைக்கிளை வாங்கி ஏறி, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரே நிச்கி பயிற்சி மைதானம் வரைக்கும் மிதித்துப் போவார். சைக்கிளுக்குச் சொந்தக்காரக் குழந்தை அவருடைய ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடும். நூற்றுச் சொச்சம் கிலோ எடையுள்ள மனுஷன் இருபது அங்குல சைக்கிளில் குந்தியிருப்பதைப் படங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். என் மகனுக்கு அப்போது எட்டு வயது. மில்வாக்கியிலிருந்து இரண்டு மணி நேரம், விடியற்காலையில் கிளம்பி, அவனுடைய நீலச் சைக்கிளைக் காரில் படுக்கப்போட்டுக் கூட்டிப்போனேன்.

பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் லவ் வருவார், தன் சைக்கிளைத்தான் எடுப்பார் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். அங்கே போனால் வரிசையாகச் சைக்கிள்கள். பெரிய பெயர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், சிலர் நாள்தோறும் ஒரே குழந்தையின் சைக்கிளைத்தான் எடுக்கிறார்கள் போலிருக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் போனார்கள். கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. என் மகனின் கை ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தது, அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அப்போது கடைசியாக வந்த சிலரில் ஒருவர் நேராக அவனிடம் வந்து குனிந்து, "இது உன்னுதா? நான் எடுத்துக்கலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தக் குரலில் ஒரு கூச்சம் இருந்தது. எட்டு வயதுப் பையனிடம் அனுமதி கேட்டுவிட்டு, அவன் தலையாட்டும்வரை காத்திருந்தார்.

ஹெல்மெட்டை அவன் கையில் கொடுத்தார். பயிற்சியில் மாட்டும் கார்டியன் கேப் மேலே போட்டிருந்தது, மெத்தையைத் துண்டு துண்டாகத் தைத்த மாதிரி, கை வைத்தால் அமுங்கியது. ஹெல்மெட் அவன் நினைத்ததைவிடக் கனமாக இருந்திருக்க வேண்டும், குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவர் சைக்கிளில் உட்கார்ந்ததும் டயர் நசுங்கியது, முழங்கால் இரண்டும் ஹாண்டில்பாரில் இடித்தன. அதனால் காலை அகல விரித்து வாத்து நடப்பதுபோல மிதித்தார், மகன் மூச்சிரைக்கப் பக்கத்தில் ஓடினான். வழியில் அவனிடம் ஏதோ கேட்டுக்கொண்டே போனார். எந்த வகுப்பு, என்ன விளையாட்டு பிடிக்கும் என்று கேட்டாராம், அப்புறம் "உங்கப்பா எங்கே?" என்றாராம், அவன் என்னைக் காட்டியதும் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். மைதான வாசலில் இறங்கி, சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, சரியாக நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த ஸ்டாண்டைச் சரிபார்த்த விதம் எனக்கு மறக்கவே இல்லை. அடுத்தவர் பொருளை வாங்கினால் அப்படித்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் யாரோ சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

யார் என்று தெரியவில்லை. ஜெர்சியில் இருந்த எண்ணை வைத்து, வேலி ஓரத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டே போனில் தேடினேன். இரண்டு பெயர் வந்தது. கேம்ப்பில் அப்படித்தான், 90 பேர் இருப்பார்கள், ஓய்வு கொடுத்துவிட்டு இனி யாருக்கும் தராத எண்கள் பேக்கர்ஸில் ஆறு, எந்த இடத்தில் ஆடுகிறவர் எந்த எண்ணைப் போடலாம் என்ற விதி வேறு, அதனால் ஆஃபென்ஸில் ஒருவரும் டிஃபென்ஸில் ஒருவரும் ஒரே எண்ணோடு திரிவார்கள். சீசன் தொடங்கும்போது அந்த எண் ஒருவருக்குத்தான், அவர்களில் ஒருவராவது அதைப் போடுவார் என்ற உத்தரவாதமும் இல்லை. ஜெர்சியின் நிறத்தைப் பார்த்து, டிஃபென்ஸில் இருப்பவர் என்று கண்டுபிடித்தேன். டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதில், எடுக்கப்படாமல் வந்தவர். பெயரைப் பார்த்ததும் எனக்குச் சொரேர் என்றது. இரண்டு நாளைக்கு முன்னால் நான் கேம்ப் பாடி என்று எழுதியது இவரைப் பற்றித்தான்.

அந்த வார்த்தையை நான் கண்டுபிடிக்கவில்லை. எல்லோரும் சொல்வதுதான், செய்தியாளர்களும் சொல்வார்கள், கோச்சுகளும் தங்களுக்குள் சொல்லலாம். முதல் வரிசை ஆட்டக்காரர்கள் மோதிப் பழக எதிரே ஆட்கள் நிற்க வேண்டுமே, அதற்காகக் கூட்டி வரப்பட்ட ஓர் உடம்பு. எதையும் மறைக்காத சொல். அன்று காலை முழுக்க அந்த உடம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் வெயில், அதோடு மிட்வெஸ்டின் புழுக்கம். 2001-ல் இதே மாதிரி ஒரு கேம்ப்பில், மின்னசோட்டா வைக்கிங்ஸின் கோரி ஸ்ட்ரிங்கர் வெப்பத்தாக்கில் விழுந்து ஆகஸ்ட் 1 அன்று இறந்துபோனார், வயது 27. அதற்குப் பிறகுதான் வெயில் விஷயத்தில் கேம்ப்புகள் வெகுவாக மாறின. என் மகனின் சைக்கிளில் வந்தவர் மூன்றாவது வரிசையில் நின்றிருந்தார். ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் அவருக்குக் கிடைத்தது விரல் விட்டு எண்ணக்கூடிய வாய்ப்புகள்தான். மீதி நேரம் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் ஆடுகிறவர்களின் கால்களையே பார்த்தார், ஒவ்வொரு ப்ளேயின்போதும் தன்னுடைய இடத்தில் தன் காலை அரை அடி நகர்த்திப் பார்த்துக்கொண்டார். தன் முறை வந்தால் தப்பு செய்யக் கூடாதே என்று பாடம் ஒப்பிக்கிறவர் மாதிரி. டிவியில் இது தெரியாது, யாரும் இதைக் காட்டவும் மாட்டார்கள்.

நான்காவது குவார்ட்டர்

அதற்கப்புறம் ப்ரீசீசன் ஆட்டங்களை நான் தலைகீழாகப் பார்க்க ஆரம்பித்தேன். வழக்கமாக லவ் வெளியே போனதும் டிவியை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன். அந்தத் தடவை முதல் பாதியை விட்டுவிட்டு மூன்றாவது, நான்காவது குவார்ட்டருக்காக உட்கார்ந்தேன், மகனும் கூடவே. எனக்கே ஆச்சரியம், இவ்வளவு தீவிரமான ஃபுட்பாலை நான் சீசனில்கூட எப்போதாவதுதான் பார்த்திருக்கிறேன். ஆட்டம் முடிந்துபோன ஸ்கோர், ஸ்டேடியத்தில் பாதி இருக்கை காலி, அந்த நேரத்தில் பன்ட் ஆகி, அதாவது எதிரணிப் பக்கம் உதைக்கப்பட்டு விழும் பந்தைத் துரத்தி ஒருவர் நாற்பது கஜம் ஓடி, அதைப் பிடித்தவரை உயிரைக் கொடுத்து டேக்கிள் செய்து வீழ்த்துகிறார். யாருக்காக? நாளைக் காலை வீடியோ பார்க்கப்போகும் நான்கைந்து பேருக்காக. அந்த வருஷம், பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்காஃபின் விதியும் மாறியிருந்தது, துரத்துகிறவர்கள் எதிரணியின் 40 கஜக் கோட்டில் வரிசையாக நின்று, பந்து தரையிலோ எதிராளியின் கையிலோ படும்வரை அசையாமல் இருக்க வேண்டும். யாருக்கும் பழக்கமில்லாத புது விதி என்பதால் எல்லா அணியும் அதைச் சோதித்துக்கொண்டிருந்தது, கடைசி வரிசைக்காரர்களுக்கு அது ஒரு கதவு மாதிரி. மற்ற இடங்களில் மூத்தவர்கள் அடைத்துக்கொண்டு நிற்க, இங்கே எல்லோரும் ஒரே நாளில் தொடங்குகிறார்கள். ஓர் ஆட்டத்தில் அந்த வரிசையின் ஓரத்தில் நம்மவர் நின்றார். பந்து விழுந்ததும் பாய்ந்தார், ஒரு தடுப்பாளரை விலக்கிக்கொண்டு போனார், ஆனால் வேறொருவர் முந்திக்கொண்டு டேக்கிள் செய்துவிட்டார். வர்ணனையாளர் அந்த வேறொருவரின் பெயரைச் சொன்னார். மகன் "அவங்கதான்ப்பா வழி பண்ணிக் கொடுத்தாங்க" என்று கத்தினான். அவன் சொன்னது உண்மை. அந்த அரை நொடிக்குப் புள்ளிவிவரத்தில் எந்தக் கட்டமும் இல்லை.

ஸ்கோர் அர்த்தமற்றது என்பதும், ஆட்டம் அர்த்தமுள்ளது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. ஸ்கோரை வைத்து மொத்தத்தையும் தள்ளிவிட்டிருந்தேன்.

நண்பர்களிடம் சொன்னேன். இனிமேல் யார் பெயரை அடித்தாலும், அவர் ஆடிய ஒரு நான்காவது குவார்ட்டரையாவது பார்த்துவிட்டு அடிப்போம் என்றேன். ஒருவன் உடனே திருப்பிக் கேட்டான்: "மச்சான், நீ பாக்கிறதால அவனுக்கு வேலை கிடைச்சிடுமா? நம்ம லிஸ்ட்டை அங்க யாரு பாக்கிறா?" பதில் சொல்லத் தெரியவில்லை. யாரும் பார்ப்பதில்லைதான்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணி

ஆகஸ்ட் 27, எங்கள் நேரப்படி பிற்பகல் மூன்று மணி கெடு. முன்பெல்லாம் 85, 80 என்று படிப்படியாகக் குறைப்பார்கள், 2023-லிருந்து நேராக 90-லிருந்து 53. அணிக்கு 37 பேர், 32 அணி, கணக்குப் போட்டால் 1,184. சிலர் காயப் பட்டியலுக்குப் போவார்கள், சிலர் மறுநாளே ப்ராக்டிஸ் ஸ்குவாட் என்ற பயிற்சி அணியில் திரும்பி வருவார்கள், ஆனாலும் அவ்வளவு பேருடைய போன் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அடிக்கும். 53-க்குள் இருந்தால் அந்த வருஷத்துக் குறைந்தபட்சச் சம்பளம் புதியவருக்கு 7,95,000 டாலர், ப்ராக்டிஸ் ஸ்குவாட் என்றால் வாரத்துக்கு 12,500 டாலர். இரண்டும் இல்லையென்றால் அன்றோடு கேம்ப் படி நின்றுபோகும், ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்கும்.

அன்று வேலை ஓடவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு முன்னாலேயே அவர் பெயர் வந்துவிட்டது. "வெய்வ்டு", அனுப்பப்பட்டார் என்ற ஒரு சொல், அதற்கு மேலும் கீழும் வேறு பெயர்கள். எங்கள் குழுவில் யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எட்டுப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. என் கணிப்பு பலித்தது. பலித்தது என்று எழுதும்போதே கசக்கிறது.

எங்கள் பட்டியல்கள் எவ்வளவு சரி என்பதையும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் முழுக்க நாங்கள் அதிகம் சண்டை போட்டது, பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் கிக்கருக்காக. ஜனவரி பிளேஆஃபில் 49ஏர்ஸிடம் 24-21 என்று தோற்றபோது ஆண்டர்ஸ் கார்ல்சன் தவறவிட்ட கிக் எங்கள் எல்லோருக்கும் ஆறாத புண். அவரா, கிரெக் ஜோசஃபா என்று பயிற்சியில் உதைத்த ஒவ்வொரு கிக்கையும் எண்ணினோம். கடைசியில் இருவரையுமே அனுப்பிவிட்டு, டென்னஸி அணி கழற்றிவிட்ட பிரேடன் நார்வெசனை மறுநாள் எடுத்துக்கொண்டார்கள். அவரும் 17-ல் 5 தவறவிட்டு அக்டோபரில் போனார், பிராண்டன் மக்மானஸ் வந்து முதல் ஆட்டத்திலேயே ஹூஸ்டனுக்கு எதிராகக் கடைசி நொடியில் அடித்து ஜெயிக்க வைத்தார். குவார்ட்டர்பேக் கதையும் அதேதான். லவ்வுக்கு அடுத்தவர் யார் என்று ஒரு மாதம் பேசினோம், நாங்கள் பேசிய இருவருமே போய், கெடுவுக்கு முந்தின நாள் டிராஃப்டின் ஏழாம் சுற்றுத் தேர்வு ஒன்றை டென்னஸிக்குக் கொடுத்து மாலிக் வில்லிஸை வாங்கினார்கள். பிரேசிலில் நடந்த முதல் ஆட்டத்தில் லவ்வுக்கு முழங்காலில் அடிபட்டது, அடுத்த இரண்டு ஆட்டங்களை வில்லிஸ் ஜெயித்துக் கொடுத்தார், அவற்றில் ஒன்று அவரை விட்டுக்கொடுத்த டென்னஸிக்கே எதிராக. அந்த சீசனைக் காப்பாற்றிய இந்த இரண்டு பேருமே கேம்ப்பில் இல்லை. எங்கள் ஒரு மாதத்துப் பேச்சில் அவர்கள் பெயர் ஒரு தடவைகூட அடிபடவில்லை.

இந்த மாதிரிச் சமயத்தில் யாராவது கர்ட் வார்னரை இழுப்பார்கள், அந்த அண்ணனும் இழுத்தார். 1994-ல் இதே கிரீன் பே கேம்ப்பிலிருந்து அனுப்பப்பட்டவர், அயோவாவில் சூப்பர்மார்க்கெட்டில் ராத்திரி ஷிஃப்டில் சாமான் அடுக்கியவர், 1999 ப்ரீசீசனில் ட்ரெண்ட் க்ரீனின் முழங்கால் போனதால் ராம்ஸ் அணியின் முதல் குவார்ட்டர்பேக் இடம் கிடைத்து, அந்த சீசனிலேயே சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தை ஜெயித்தவர். எல்லாம் உண்மை, எனக்கும் பிடித்த கதை. ஆனால் அதை ஆறுதலாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. வார்னர் ஒருவர். அதே 1994-ல் அதே வாசலில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போன மற்றவர்கள் என்ன ஆனார்கள்? கல்லூரி வரைக்கும் அந்தந்த ஊரில் அவர்கள்தான் சிறந்தவர்கள், பள்ளியில் அவர்களை யாராலும் நிறுத்த முடிந்திருக்காது. அவ்வளவு தூரம் ஏறி வந்தவரை நான் சோபாவில் உட்கார்ந்துகொண்டு ஒரு வரியில் தட்டிவிட்டேன், அதுவும் அவர் ஆடி ஒரு நிமிஷம்கூடப் பார்க்காமல். அணிக்கு அவர் தேவையில்லை என்பது சரியான முடிவாகவே இருக்கலாம். அதைச் சொல்ல நான் தேர்ந்தெடுத்த வார்த்தைதான் தப்பு.

மகனிடம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்போ அவர் அந்த ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துடணுமா?" என்று கேட்டான். ஆமாம், அது அணியுடையது என்றேன்.

அந்தக் குழு இன்னும் இருக்கிறது, பட்டியலும் போடுகிறோம். நான்காவது குவார்ட்டர் ஏற்பாட்டை எட்டில் மூன்று பேர் கடைப்பிடிக்கிறோம். அண்ணன்தான் எல்லோரையும்விடத் தீவிரம், டிராஃப்டில் எடுக்கப்படாதவர்களுக்கென்று தனி நோட்டே வைத்திருக்கிறார், எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்று எழுதி. எங்கள் ஆளின் பெயரை அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை தேடினேன், வேறு அணி எதிலும் தட்டுப்படவில்லை.

2025 ஜூலையில் மறுபடியும் கிளம்பினோம். அந்த நீலச் சைக்கிள் அவனுக்குச் சின்னதாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்கியாகிவிட்டது, கேம்ப்புக்குப் புதுசையே எடுத்துப் போகலாமே என்றேன். வேண்டாம் என்றான். முந்தின நாள் சாயங்காலம் கராஜில் ஸ்பானரை வைத்துக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தான், போய்ப் பார்த்தால் நீலச் சைக்கிளின் சீட்டை முடிந்தவரை உயர்த்தியிருக்கிறான். அவன் கால் தரையில் எட்டாது. ஏன்டா என்று கேட்டேன். "யார் எடுத்தாலும் முட்டி இடிக்கக் கூடாதுப்பா" என்றான், நட்டை இன்னொரு சுற்று முறுக்கிக்கொண்டே.